நீலப் பெட்டியும் நீளக் கை ஸ்வெட்டரும்

என் கட்டெறும்புக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் கை கால் சுகத்தோடு, வேளைக்குச் சாப்பிட்டு, வழக்கம்போலச் சண்டை போட்டுக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் மேலே படிக்கப் படிக்க உனக்கு அதில் சந்தேகம் வரும். நீயும் அங்கே இருமல் இல்லாமல், கண்ட நேரத்தில் கண் விழிக்காமல், ரொட்டியைத் தின்று வயிற்றை ஏமாற்றாமல் இருப்பாய் என்று நம்புகிறேன், நம்புவதைத் தவிர இவ்வளவு தூரத்திலிருந்து வேறு என்ன செய்ய முடியும். போன வாரம் போனில் ஏம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு என்று கேட்டாய், ஜலதோஷம் என்று சொன்னேன். ஜலதோஷம் இல்லை. நம் வீட்டில் திருடன் புகுந்துவிட்டான். பதறாதே, உட்கார்ந்து படி, எல்லாம் நடந்து முடிந்துவிட்டது, முடிந்த விதத்தைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் உன் அப்பா பக்கத்தில் நின்று பத்துத் திருத்தம் சொல்வார், இந்த விஷயத்தில் அவர் யாருக்கும் திருத்தம் சொல்கிற நிலையில் இல்லை என்பதை நீயே ஒத்துக்கொள்வாய்.

உன் மாமாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனதல்லவா, அவனைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் கூட இருந்து வரலாம் என்று கிளம்பினோம். கிளம்பும்போது உன் அப்பா முன்கதவுக்கு மூன்று பூட்டுப் போட்டார். ஊரில் பாதிக் கதவுகளுக்குப் பூட்டு மாட்டியவர், மீதிப் பாதியைச் சாவி தொலைந்த அன்று திறந்துவிட்டவர், தன் வீட்டுக்கு மூன்று போடாவிட்டால் எப்படி. நான் பையோடு தெருவில் நின்றேன், கண் முன்னாலேயே ஒரு பஸ் போய்விட்டது. சரி, பின்கதவுக்கு என்ன என்று கேட்டேன். அந்தக் கதை உனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு நர்ஸ் ஒரு நாள் வேலை முடிந்து வந்து, சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நின்றாள். அவள் வீட்டுப் பூட்டைக் கழற்றித்தான் கதவைத் திறக்க வேண்டியிருந்தது. மாற்றுப் பூட்டு கடையில் இருக்கிறது, கடையை மூடிவிட்டு வந்தாயிற்று, மறுபடி போய்வர நடு ராத்திரி ஆகிவிடும், தனியா இருக்கிற பொண்ணு பூட்டு இல்லாம எப்படித் தூங்கும் என்று சொல்லி, நம் பின்கதவுப் பூட்டைக் கழற்றி அவள் கதவில் பொருத்திவிட்டு வந்தார் உன் அப்பா. நாளைக்கே நமக்கு வேற மாட்டிடறேன் என்றார். அந்த நாளை வரவே இல்லை. தாழ்ப்பாளாவது இருக்கிறதா என்றால், நல்ல பூட்டு இருக்கும்போது தாழ்ப்பாள் எதுக்கு, அது பூட்டை அவமானப்படுத்துற மாதிரி என்று அதை அவரே எப்போதோ பிடுங்கிப் போட்டவர். ஆகவே பூட்டு இருந்த ஓட்டையில் பழைய துணியை அடைத்து, உள்பக்கம் முக்காலியை முட்டுக்கொடுத்து வைத்துக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தோம். நான் வாயைத் திறந்தால், பூட்டுக்காரன் வீட்டுக்கு எந்தத் திருடன் வருவான், போர்டைப் பார்த்தாலே ஓடிடுவான் என்பார். போர்டு கடைத்தெருவில் இருக்கிறது, வீட்டில் இல்லை என்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

திரும்பி வந்த அன்று மூன்று பூட்டையும் நிதானமாகத் திறந்தார். பாரு, ஒரு கீறல் இல்லை, எவனும் கிட்டகூட வரலை என்று ஒவ்வொன்றையும் தடவிக்கொடுத்துச் சொல்லிக்கொண்டே திறந்தார். கதவைத் தள்ளினால் சமையலறைப் பக்கமிருந்து ஜிலுஜிலுவென்று காற்று வருகிறது. பின்கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது, முக்காலி சுவரோரம் சமர்த்தாக நிற்கிறது. வந்தவன் ரொம்பப் பொறுமைசாலி போலிருக்கிறது. ஃப்ரிட்ஜில் நான் வைத்துவிட்டுப் போன மிச்சச் சாப்பாட்டைச் சூடு பண்ணிச் சாப்பிட்டிருக்கிறான், சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்திருக்கிறான். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டு ஆம்பளை செய்யாத காரியம் என்று சொன்னேன், உன் அப்பாவுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. உன் சித்தப்பா நம் தலையில் கட்டிய டிவியைத் திருடன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையடக்க ரேடியோ போயிற்று, நல்ல குடை போயிற்று, நான் உன் அப்பாவுக்குப் பின்னிக் கொடுத்த பச்சை ஸ்வெட்டர் போயிற்று. ஒரு கை நீளம் என்று சொல்லிக் குளிர்காலம் முழுக்க அவர் மடித்தே வைத்திருந்தாரே, அதேதான். கை நீளமெல்லாம் இல்லை, உன் அப்பாவின் இடது கைதான் குட்டை. இதெல்லாம் போனால் போகட்டும் என்று உன் அறைக்குப் போனேன். அலமாரிக்கு மேலே உன் நீலப் பெட்டி இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு சதுரம் மட்டும் இருந்தது. உன் கட்டிலிலேயே உட்கார்ந்து அழுதேன், மறைத்து என்ன ஆகப்போகிறது.

அந்தப் பெட்டியை உனக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, அம்மா என் சாமானையெல்லாம் குடையறாங்க என்று நீ அப்பாவிடம் புகார் கொடுத்தாய், அவர் உடனே இரும்புத் தகட்டில் ஒரு பெட்டி அடித்து, நீலம் பூசி, தானே ஒரு பூட்டுச் செய்து அதற்குள் பதித்து, ஒரே ஒரு சாவி போட்டு உன் கையில் கொடுத்தார். எந்தப் பூட்டுக்கும் இரண்டு சாவி போடுவதுதான் அவர் வழக்கம். இதற்கு மட்டும் நகல் கிடையாது, அம்மா என்ன பொய் சொன்னாலும் கிடையாது என்று உனக்குச் சத்தியம் வேறு செய்து கொடுத்தார். நானும் என்னென்னவோ பொய் சொல்லிப் பார்த்தேன், அது உனக்குத் தெரியும். வேலை கிடைத்து நீ ஊரைவிட்டுப் போனபோது சாவியையும் கொண்டுபோய்விட்டாய், போன தடவை வந்தபோது மறந்துட்டேம்மா, அடுத்த தடவை கொண்டுவரேன் என்றாய். உள்ளே என்ன இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் துடைக்கும்போதெல்லாம் ஒரு தரம் காதோரம் வைத்துக் குலுக்குவேன். முதலில் ஏதோ ஒன்று உருண்டு ஓடும், பிறகு காகிதம் மாதிரி ஒன்று மெல்லச் சரியும், கடைசியில் டிங் என்று ஒரு சின்னச் சத்தம். எப்போதும் அதே வரிசைதான். அதைக் கேட்டால் நீ உன் அறையில் எதையோ தேடிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும் எனக்கு. இது ஒரு பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். என்ன தொழில் செய்யறீங்க என்று உன் அப்பாவைக் கேட்டார். உன் அப்பா இருமினார். இரும்பு வேலை என்றார். நான் பூட்டு வேலை என்றேன். இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு என்னென்ன போச்சு என்றார். நான் முதலில் பெட்டியைச் சொன்னேன். உள்ளே என்ன இருந்துச்சும்மா என்றார். தெரியாது என்றேன். நகையா என்றார். தெரியாது. என்ன மதிப்பு இருக்கும் என்றார். அது எங்களுக்கு எப்படிச் சார் தெரியும், அது எங்க பொண்ணு பெட்டி, அவ எங்களுக்குக் காட்டினதே இல்லை என்றார் உன் அப்பா, என்னவோ பெருமையாகச் சொல்வதுபோல. காணாமப் போனது என்னன்னே தெரியாம எதைத் தேடித் தரச் சொல்றீங்க என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். குலுக்கினா எப்படிச் சத்தம் வரும்னு நான் சொல்றேன் சார் என்றேன். அவர் மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

அதற்குப் பிறகு வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்தது, ஏதோ துக்கம் விசாரிக்க வருகிற மாதிரி. உன் சித்தப்பா குடும்பத்தோடு வந்து, ஆறுதல் சொல்லி, ஒரு வேளைக்கு வந்தவர்கள் இரண்டு வேளை சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். டிவியைத் திருடன் தொடாததில் அவருக்கு மனத்தாங்கல், அதன் விலை தெரியாதவன், புதுசா தொழிலுக்கு வந்திருப்பான் என்றார். நர்ஸ் பெண் கண் கலங்கி வந்து, மாமா உங்க பூட்டை நீங்களே எடுத்துக்கோங்க என்று கெஞ்சினாள். மாட்டின பூட்டைக் கழட்ட மாட்டேன்மா, அது உன் கதவுக்குப் பழகிடுச்சு என்று இவர் மறுத்துவிட்டார். கடையிலும் சும்மா விடவில்லை. சாவி போட வருகிறவன் எல்லாம், ஏண்ணே உங்க வீட்டுக்கு வேற நல்ல பூட்டுக்காரர் யாரையாவது கூப்பிடட்டுமா என்று கேட்டிருக்கிறான். உன் அப்பா அரத்தை எடுத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பாராம். வீட்டுக்கு வந்தால் இடித்த புளி மாதிரி உட்கார்ந்துவிடுவார். ஊர் சிரித்ததால் என்று நான் நினைத்தேன். ஒரு நாள் சாயங்காலம் நான் விளக்குப் போடப் போனபோது உன் அறை வாசலில் நின்று அந்தத் தூசிச் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். துடைச்சிடாதே என்றார் என்னிடம். நான் துடைக்கவில்லை. உன்னிடம் எப்படிச் சொல்வது என்றுதான் இரண்டு பேரும் பயந்துகொண்டிருந்தோம், நீ ஜலதோஷத்துக்குக் கஷாயம் குடிக்கச் சொன்னது அந்தச் சமயத்தில்தான்.

இனிமேல்தான் முக்கியமான கட்டம், நிதானமாகப் படி. ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். வாடிக்கையாளர் ஸ்டூலில் ஒருவன் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறான், காதோரம் நரைத்த, ஓய்ந்துபோன முகம். உன் அப்பா எதிரே வாயெல்லாம் பல்லாக நின்று கையை ஆட்டி ஆட்டி என்னவோ விளக்கிக்கொண்டிருக்கிறார், இத்தனை நாளாக இல்லாத உற்சாகம். இரண்டு பேருக்கும் நடுவில் மேஜைமேல் உன் நீலப் பெட்டி. கேரியரை வாசலிலேயே வைத்துவிட்டேன். நான் போவதற்கு முன்னால் நடந்ததை அவர் பிறகு சொன்னார். அந்த ஆள் எந்த ஊரோ, இது யார் கடை என்று தெரியாமல், இங்கே பெரிய பூட்டுக்காரர் யார் என்று தெருவில் விசாரித்து நேராக நம் கடைக்கே வந்திருக்கிறான். மாமியார் பெட்டி, சாவி தொலைஞ்சு போச்சு, திறந்து கொடுங்க, கேக்கறதைக் கொடுக்கறேன் என்றிருக்கிறான். உன் அப்பாவுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் என்ன செய்திருப்பார்கள், கையைப் பிடித்திருப்பார்கள், கத்தியிருப்பார்கள், பக்கத்துக் கடைக்காரனைக் கூப்பிட்டிருப்பார்கள். இவர் பெட்டியைத் திருப்பிச் சாவித் துவாரத்தைப் பார்த்திருக்கிறார். சுற்றிலும் கீறலும் குத்தலுமாக இருந்திருக்கிறது. எதால முயற்சி பண்ணீங்க என்று கேட்டிருக்கிறார். ஸ்குரூடிரைவர் என்றானாம். அப்புறம்? உளி. அப்புறம்? சுத்தியால நாலு போடு போட்டேன், அசையலை, அதுக்கு மேல அடிச்சா உள்ளே இருக்கிறது நொறுங்கிடும்னு விட்டுட்டேன் என்றானாம். அவ்வளவுதான், உன் அப்பாவுக்குத் திருட்டும் மறந்தது போலீஸும் மறந்தது. டீ சொல்லி அனுப்பிவிட்டார். உள்ளே பித்தளைத் தகடு எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு தூக்க வேண்டும், ஏன் சுத்திக்கு அது மசியாது என்று பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். தன் பூட்டை இவ்வளவு சிரத்தையாகப் பரிசோதித்துப் பார்த்த ஆள் அதுவரை அவருக்குக் கிடைத்ததே இல்லையாம், என்னிடமே சொல்கிறார்.

நான் போய் நின்றபோது அந்த ஆள் பொறுமை இழந்து, அதெல்லாம் சரிங்க, திறக்க முடியுமா முடியாதா என்றான். உன் அப்பா டீ கிளாஸைக் கீழே வைத்தார். முடியாது என்றார். இதுக்கு ஒரே சாவிதான், அது வெளியூர்ல இருக்கு, அது வந்தாத்தான் இது திறக்கும் என்றார். பெரிய பூட்டுக்காரர்னு சொன்னாங்களே, உங்களாலயே முடியாதா என்று அவன் கேட்டான். முடியாதுன்னா முடியாதுதான் என்றார். கடைக்கு வந்த ஆளிடம் உன் அப்பா அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அப்போதுதான் அவன் எரிச்சலோடு கையை நீட்டிப் பெட்டியை இழுத்தான், நான் அந்தக் கையைப் பார்த்தேன். பச்சை ஸ்வெட்டர். விரல் நுனிவரை வருகிற இடது கையை மட்டும் மடித்துவிட்டிருந்தான். நான் கத்தவில்லை. கத்த வேண்டும் என்றே தோன்றவில்லை. ஸ்வெட்டர் நல்லா இருக்கா என்று கேட்டேன். அவன் திரும்பிப் பார்த்து, கை ஒண்ணு கொஞ்சம் நீளம்மா, ஆனா நல்ல கதகதப்பு, யாரோ ஆசையாப் பின்னியிருக்காங்க என்றான். நான்தான் பின்னினேன் என்றேன். அவன் என்னைப் பார்த்தான், உன் அப்பாவைப் பார்த்தான், மேலே போர்டைப் பார்த்தான், பேயறைந்த மாதிரி ஆகிவிட்டான். அடுத்த நிமிஷம் பெட்டியை விட்டுவிட்டு எடுத்தான் ஓட்டம். உன் அப்பா அவனைத் துரத்தாமல் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வாசல்வரை ஓடி, துவைக்கும்போது வெந்நீர்ல போடாதே, சுருங்கிடும் என்று கத்தினேன். ஏன் அப்படிக் கத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்த ஸ்வெட்டரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்ன முதல் ஆள் அவன்தான். இன்ஸ்பெக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னோம், அடையாளம் என்ன என்று கேட்டார், பச்சை ஸ்வெட்டர், இடது கை நீளம் என்றார் உன் அப்பா. வலது கை குட்டைன்னும் சொல்லலாம் என்றேன் நான். இதுவரை ஆள் அகப்படவில்லை. ரேடியோவும் குடையும் வந்தால் வரட்டும்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைக் காதோரம் வைத்துக் குலுக்கினேன். உருண்டு ஓடியது, சரிந்தது, டிங் என்றது. அதே வரிசை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் சுத்தியால் அடித்திருக்கிறானே, உள்ளே ஏதாவது உடைந்திருந்தால், திறந்து பார்த்துவிடலாம் என்றேன் உன் அப்பாவிடம். முடியாது, சாவி இல்லை என்றார். ஊரையெல்லாம் சாவி இல்லாமல் திறந்துவிடுகிற மனுஷர் என்னிடமும் அதையே சொல்கிறார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. அப்ப அந்தத் திருடன் சொன்னது நிஜம்தான், நீங்க பேருக்குத்தான் பெரிய பூட்டுக்காரர் என்றேன். அது அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து ஒரு வளைந்த கம்பியை எடுத்தார், துவாரத்துக்குள் விட்டார், தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டார், மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பினார். பூட்டு விட்டுக்கொடுத்த சத்தம் எனக்கே கேட்டது. நான் மூடியைத் தூக்கக் கை நீட்டினேன், உண்மையைத்தான் எழுதுகிறேன், தூக்கியே இருப்பேன். அவர் உள்ளங்கையை மூடிமேல் அழுத்தி வைத்துக்கொண்டு, அதே கம்பியால் மறுபடியும் பூட்டிவிட்டார். பார்த்தியா, முடியும் என்றார். அப்புறம் ஏன் முடியாது முடியாதுன்னு சொல்றீங்க என்று கேட்டேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அந்தத் தூசிச் சதுரத்தில் இம்மி பிசகாமல் வைத்துவிட்டு வந்துதான் பதில் சொன்னார். அவளுக்கு அங்கே வேலை, வீடு, சிநேகிதங்க எல்லாம் இருக்கு, இங்கே வந்தாகணும்னு இருக்கிறது இந்த ஒரு பூட்டுதான், அதையும் நானே திறந்துட்டா அப்புறம் என்ன இருக்கு என்றார். என்னால திறக்க முடியலைன்னு எழுது, அவ வந்தாத்தான் ஆகும்னு எழுது என்றார். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன், அடுப்பில் ஒன்றும் இல்லை.

சரி, மற்றதெல்லாம் எழுதுகிறேன். பின்கதவுக்கு இப்போது புதுப் பூட்டும் போட்டாயிற்று, அவர் கண்ணெதிரே கடையில் வாங்கி ஒரு தாழ்ப்பாளும் வைத்துவிட்டேன். மாமா கைத்தடியோடு நடக்கிறான். உனக்கு நான் இன்னொரு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கிறேன், இந்தத் தடவை இரண்டு கையையும் சேர்த்து வைத்து அளந்துகொள்கிறேன், மூக்கைச் சுளிக்காமல் போட்டுக்கொள். வெளியே போகும்போது பின்கதவைப் பார்த்துவிட்டுப் போ, உங்கள் கட்டடத்தில் பின்கதவே இல்லை என்பாய், ஜன்னலைப் பார். வேளைக்குச் சாப்பிடு. உன் சாவிக்கொத்தில் அந்தக் குட்டிச் சாவி இன்னும் இருக்கிறதா என்று இப்போதே எழுந்து போய்ப் பார், இல்லாவிட்டால் தேடு, தேடிக் கிடைக்காவிட்டாலும் கிளம்பி வா. நாங்கள் கும்பிடுகிற தெய்வமெல்லாம் உன்னை நோய் நொடி இல்லாமல் நூறு வயது வாழவைக்கட்டும். ஒரே ஒரு விஷயம் மட்டும் நினைவில் வைத்துக்கொள். அவர் எழுதச் சொன்னதை எழுதிவிட்டேன் என்றுதான் அவரிடம் சொல்லப்போகிறேன், அதனால் அவர் கம்பியால் திறந்து மூடியதும், அதற்குச் சொன்ன காரணமும் உனக்குத் தெரியாது. அடுத்த தடவை போன் பண்ணும்போது, ஏம்ப்பா, அந்தப் பூட்டை உங்களாலயே திறக்க முடியலையாமே என்று கேள். முடியலைம்மா என்பார். நம்புகிற மாதிரி ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு, எப்போது வருகிறாய் என்று சொல்.

இப்படிக்கு,
தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து எழுதும்
உன் அம்மா